பதக்கத்தில் பச்சை, பெட்டியில் பிசுபிசுப்பு: மாநாட்டு நினைவுப் பதக்கங்களின் கோளாறுகளும் தீர்வுகளும்

வெகுநாளாக மூடியே கிடந்த ஒரு நினைவுப் பதக்கப் பெட்டியைத் திறக்கிறோம். வெண்கலத்தில் பச்சை படிந்திருக்கிறது. அல்லது வெள்ளி கறுத்திருக்கிறது. அல்லது அடியில் வைத்த ஸ்பாஞ்ச் கூழாகி எழுத்துகளின் இடுக்குகளில் இறங்கியிருக்கிறது. உடனே கை ஒரு துணியைத் தேடும். அந்தக் கையைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை வருடங்கள் இந்தப் பதக்கங்களோடு பழகியதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்று. பதக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அது வந்த பெட்டிதான். அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிந்தால் பதக்கத்தின் பாதி வரலாறும் கூடவே போய்விடும். எந்த மாநாடு, பேராளருக்குத் தந்ததா பேச்சாளருக்குத் தந்ததா, எந்த நிறுவனம் அடித்துக் கொடுத்தது என்ற விவரமெல்லாம் மூடியின் உட்புறத்து அச்சிலும், உள்ளே மடித்து வைத்த துண்டுச்சீட்டிலும், வெளி அட்டை உறையிலும்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தல்ல.

எதையும் தொடுவதற்கு முன்

இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள்: மூடிய பெட்டி, திறந்த பெட்டி, பதக்கத்தின் இரு முகங்கள், விளிம்பு, பெட்டியின் அடிப்பக்கம். பதக்கம் பெட்டிக்குள் எந்தத் திசையில் கிடந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். கறை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறையில் கந்தகம் உண்டு, அது வெள்ளிக்கு ஆகாது. பருத்திக் கையுறை வழுக்கும். கனமான பதக்கம் ஒருமுறை விளிம்பில் விழுந்தால் அந்தப் பள்ளத்தை எதனாலும் சரிசெய்ய முடியாது. மேசையில் மடித்த துணி ஒன்றை விரித்து, அதற்கு மேல் இரண்டு அங்குல உயரத்துக்குள்ளேயே பதக்கத்தைக் கையாளுங்கள். 10 மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று அவசியம். கீழே சொல்லும் அறிகுறிகள் பலவும் வெறுங்கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும்.

பச்சைப் பிசுக்கு, தொட்டால் வழுக்குகிறது, பிளாஸ்டிக் நெடி அடிக்கிறது

பதக்கம் மெல்லிய, வளைகிற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருந்தால் முதல் சந்தேகம் பி.வி.சி. மேல் விழ வேண்டும். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை இளக்குவதற்காகத் தாலேட் வகை எண்ணெய்ப் பொருள்களைச் சேர்ப்பார்கள். நாளாவட்டத்தில் அந்த எண்ணெய் கசிந்து பதக்கத்தின் மேல் படிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது பிறக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலோகத்திலுள்ள செம்பை அரிக்கிறது. பச்சை நிறம் அந்தச் செம்பிலிருந்து வருவது. 925 தர வெள்ளியிலும் இது வரும். அதில் 1000க்கு 75 பங்கு பெரும்பாலும் செம்புதான்.

உறை பி.வி.சி.தானா என்று மூக்கே பாதி சொல்லிவிடும்: புது மழைக்கோட்டைப் பிரித்தால் வரும் அதே நெடி. உறுதி செய்ய பெயில்ஸ்டைன் சோதனை இருக்கிறது. செம்புக் கம்பி ஒன்றைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. இதைத் திறந்த வெளியில், பதக்கத்தையும் அசிட்டோனையும் வெகுதூரத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

வெறும் உலோகப் பதக்கம் என்றால் தீர்வு சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் பதக்கம் மூழ்கும் அளவு ஊற்றி, மேலே கண்ணாடித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அரை மணி நேரம் விடுங்கள். பின்பு புதிய அசிட்டோனில் இன்னொரு முறை. தேய்க்கவே வேண்டாம், பிசுக்கு தானாகக் கரையும். எடுத்து, காற்றில் நிமிர்த்தி உலர விடுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

நிறம் தீட்டிய பதக்கத்தை மட்டும் அசிட்டோனில் போட்டுவிடாதீர்கள். அண்மைக்கால மாநாட்டுப் பதக்கங்களில் பெரும்பாலும் இருப்பது கண்ணாடி எனாமல் இல்லை, வண்ணப் பிசின். அசிட்டோன் அதை இளக்கி இழுத்துவிடும். மேலே அரக்குப் பூச்சு உள்ள வெண்கலத்துக்கும் இதே எச்சரிக்கை. அப்படிப்பட்டவற்றில் பஞ்சு சுற்றிய குச்சியை லேசாக நனைத்து, வெறும் உலோகம் தெரியும் இடத்தை மட்டும் ஒற்றி எடுங்கள்.

வெளிர்பச்சைத் தூள், துடைத்தால் போகிறது, மீண்டும் வருகிறது

இது வேறு நோய். கூடுதல் ஆபத்தானது. செம்பு, வெண்கலம் இரண்டிலும் குளோரைடு உப்பு உள்ளே புகுந்துவிட்டால், காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். தின்னத் தின்ன மேலும் குளோரைடு விடுபடுவதால் அது தானாக நிற்பதில்லை. வெண்கல நோய் என்பார்கள். செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்தம் உயிரின் மலத்துக்கு உவமை சொல்லும். ஆனால் நம் கையில் இருக்கும் களிம்பில் இரண்டு வகை உண்டு. கெட்டியாக, கரும்பச்சையாக, பிடித்த இடத்தில் அசையாமல் இருக்கும் களிம்பு பதக்கத்துக்குப் போர்வை; அதைச் சுரண்டக்கூடாது. வெளிறிய பச்சையில், மாவு போல, அடியில் சின்னக் குழியோடு இருப்பதுதான் நோய்.

சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள். பதக்கத்தை மூடியுள்ள கண்ணாடி ஜாடிக்குள் ஒரு சிறு தட்டின் மேல் வையுங்கள். ஈரப் பஞ்சு ஒன்றைப் பதக்கத்தில் படாமல் பக்கத்தில் வைத்து மூடுங்கள். 2 நாளுக்குள் குழியில் புதிதாகப் பச்சைப் பொடி பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

உடனே அந்தப் பதக்கத்தைத் தனியே பிரியுங்கள். மூங்கில் குச்சியால், உருப்பெருக்கியின் கீழ், பொடியை மட்டும் எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, வாரக்கணக்கில் குளோரைடை வெளியேற்றலாம். பின்பு நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் 40 விழுக்காட்டைத் தாண்டாத பெட்டியில் வையுங்கள். அருங்காட்சியகங்கள் சோடியம் செஸ்குவிகார்பனேட், பென்சோடிரையசோல் போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. முன்னது பதக்கத்தின் நிறத்தை மாற்றும், பின்னது உடலுக்குக் கேடு. மதிப்புள்ள பதக்கமாக இருந்தால் அந்த வேலையைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

வெள்ளி கறுத்துவிட்டது, அல்லது வானவில் நிறம் பூண்டிருக்கிறது

வெள்ளியின் மேல் படிவது வெள்ளி சல்பைடு. படலம் மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள், பின்பு பொன், செவ்வூதா, நீலம், கடைசியில் கருமை என்று போகும். நிறங்கள் சீராக, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லக் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பதக்கம் தன் பெட்டிக்குள் அமைதியாக வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த நிறங்கள் பதக்கத்தின் அழகில் ஒரு பகுதி. அவற்றை விரும்பித் தேடுகிறவர்கள் பலர்.

கறுப்பு ஒரு வடிவத்தோடு இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். பெட்டிக் குழியின் வட்டம் அப்படியே பதிந்திருந்தால் வெல்வெட்டோ அதன் அடியில் உள்ள பசையோ காரணம். எழுத்தின் நிழல் போலத் தெரிந்தால் மேலே மடித்து வைத்த காகிதம். நேர்கோட்டுப் பட்டை என்றால் ரப்பர் பேண்ட்.

இந்தக் கடைசியை நான் நேரில் கண்டேன். காகித உறையில் இருந்த மூன்று வெள்ளிப் பதக்கங்களை அனுப்பியவர், அவை நகரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் உறைகளைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். எத்தனை காலம் அப்படிக் கிடந்தனவோ. உறையைப் பிரித்தபோது மேலே இருந்த பதக்கத்தில், மேடையில் நிற்கும் உருவத்தின் மார்பைக் குறுக்கே வெட்டியது போல ஒரு கரிய கோடு. ரப்பர் உலோகத்தைத் தொடவே இல்லை. அதன் அகலம், அதன் சாய்வு எல்லாம் காகிதத்தைக் கடந்து பதிந்திருந்தன. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் ஆவியாகவே போய் வேலை செய்யும் என்பதை அன்று உணர்ந்தேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அழிக்க நான் முயலவில்லை.

ஏன் முயலவில்லை என்றும் சொல்கிறேன். தயோயூரியா உள்ள முக்கியெடுக்கும் திரவம் கறுப்பை நொடியில் எடுக்கும்; கூடவே வெள்ளியின் மேற்பரப்பையும் எடுத்து, உயிரற்ற வெண்மையை விட்டுச் செல்லும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்ந்த முறை சல்பைடை வெள்ளியாக மாற்றித் தருவது உண்மை. ஆனால் அப்படித் திரும்பும் வெள்ளி பொருபொருவென்று மங்கலாகப் படியும். அதோடு உட்குழிவுகளைக் கறுப்பாக்கி உருவத்தை எடுத்துக்காட்டச் சிற்பி வேண்டுமென்றே கொடுத்த நிறமும் போய்விடும். மெருகுப் பசை போட்டுத் தேய்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செய்ய வேண்டியது காரணத்தை நீக்குவது. ரப்பர், கம்பளி, ஃபெல்ட், செய்தித்தாள் நறுக்கு, மலிவான அட்டை எல்லாவற்றையும் வெள்ளியிடமிருந்து பிரியுங்கள்.

பெட்டியைச் சந்தேகிக்கிறேன், ஆனால் உறுதியாகத் தெரியவில்லை

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு சோதனையை அறிமுகம் செய்தார். காட்சிப் பேழைக்குள் வைக்கப்போகும் துணி, பலகை, பசை ஆகியவற்றின் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஈரமான மூடிய குப்பிக்குள் போட்டு, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. தகடு கெட்டால் பொருள் ஆகாது.

இதன் எளிய வடிவத்தை வீட்டில் செய்யலாம். பெட்டியின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையிலிருந்து துளி ஸ்பாஞ்சு அல்லது நூல் எடுங்கள். பளபளப்பாக்கிய சிறு வெள்ளித் துண்டும் செம்புத் துண்டும் வேண்டும். மூன்றையும் ஒன்றோடொன்று படாமல் கண்ணாடிக் குப்பிக்குள் வைத்து, நனைத்த பஞ்சும் வைத்து, இறுக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம் விடுங்கள். சந்தேகப் பொருள் இல்லாமல் இன்னொரு குப்பியையும் அதே போலத் தயார் செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. முதல் குப்பியில் வெள்ளி கறுத்து, இரண்டாவதில் அப்படியே இருந்தால் தீர்ப்பு வந்துவிட்டது.

ஸ்பாஞ்ச் உதிர்ந்து பதக்கத்தில் ஒட்டிக்கொண்டது

பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் இரண்டு வகை. ஒன்று ஈரத்தால் சிதைந்து பிசுபிசுத்துக் கூழாகும். இன்னொன்று ஒளியாலும் காற்றாலும் காய்ந்து பொடியாக உதிரும். பொடியாக உதிர்ந்திருந்தால் மென்மயிர்த் தூரிகை போதும். பிசுபிசுத்துவிட்டால் பொறுமை வேண்டும்.

பதக்கத்தைத் தூக்கும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். வட்டமாக லேசாகத் திருகி, ஒரு பக்கத்திலிருந்து உரிப்பது போல எடுங்கள். மேலாக இருக்கும் கூழை மூங்கில் குச்சியின் தட்டையான முனையால் வழித்துவிடுங்கள். உலோகக் கத்தி கூடாது, ஊசி கூடாது. பிறகு எழுத்துகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் காலுக்கும் தரைக்கும் (எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்துக்கும்) நடுவே மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு தெரியும். குச்சியின் முனையைக் கூராக்கி, அசிட்டோனில் தொட்டு, எழுத்தின் ஓரத்தோடு ஒரே திசையில் நகர்த்துங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கூழ் பரவும். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியை வெள்ளைத் துணியில் துடையுங்கள். அந்தத் துணியில் மஞ்சள் தடம் வராதவரை தொடருங்கள். ஒரு பக்கத்து எழுத்துகளை முடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும், அதற்குக் குறைந்து ஆனதில்லை.

பெட்டிக்குள் மிஞ்சிய ஸ்பாஞ்சை முழுவதும் எடுத்துவிடலாம். மேலே போர்த்திய துணியும் அச்சும்தான் பெட்டியின் அடையாளம். அடியில் இருந்த ஸ்பாஞ்சைக் காப்பாற்ற வழியும் இல்லை, தேவையும் இல்லை. அதன் இடத்தில் பாலிஎத்திலீன் நுரைத் தாளை அளவாக வெட்டி வைத்தால் துணி தொய்யாது. மாற்றியதைக் குறித்து வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

விரல் ரேகை பதிந்திருக்கிறது

புதிதாக இருந்தால் அசிட்டோன் எடுத்துவிடும். பழையதாகிப் பழுப்பாகத் தெரிந்தால் வியர்வையின் உப்பு உலோகத்தை அரித்துவிட்டது. அது இனி போகாது. கண்ணாடி போல மின்னும் தரையுள்ள பதக்கங்களில் இது மிகவும் உறுத்தும். விளிம்பைப் பிடித்தே எடுக்கப் பழகுங்கள்.

வெண்கலத்தில் ஓரிடம் மட்டும் பளபளக்கிறது

வெண்கலப் பதக்கத்தின் தேன் பழுப்பும் சாக்லேட் நிறமும் அழுக்கல்ல. அடித்து முடித்த பிறகு வேதிக் கரைசலால் நிறமேற்றி, பல சமயம் மேலே அரக்கோ மெழுகோ பூசி அனுப்புகிறார்கள். மூக்கு, கன்னம், கட்டடத்தின் உச்சி போன்ற மேடான இடங்கள் மட்டும் மஞ்சளாக மின்னினால் நிறம் தேய்ந்திருக்கிறது: பெட்டியின் மூடி உரசியிருக்கும், அல்லது யாரோ துடைத்திருப்பார்கள். இழந்த நிறத்தைத் திரும்பப் பூச வேண்டாம். பூசியது எப்போதும் தனியாகத் தெரியும்.

பளபளப்பு திட்டுத் திட்டாக, ஓரங்கள் தோல் உரிந்தது போல இருந்தால் அரக்குப் பூச்சு விட்டுப்போகிறது. அந்த எல்லைக் கோட்டில் ஈரம் நுழைந்து கறுப்புக் கோடு போடும். முழுவதையும் நீக்கிப் புதிதாகப் பூசுவது சரியாகச் செய்தால் பலன் தரும், ஆனால் அது வல்லுநர் வேலை. நாம் செய்யக்கூடியது ஈரத்தைக் குறைப்பது.

பொன்முலாம் பூசிய துத்தநாகக் கலவைப் பதக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பினால் அவற்றை அழுத்தாதீர்கள். முலாமுக்கு அடியில் துத்தநாகம் அரிபடுகிறது. உடைத்தால் வேகம் கூடும். உலர்வாக வைத்தால் அப்படியே நிற்கும்.

வெள்ளைத் தூள்

முதலில் உலோகம் எது என்று பாருங்கள். கனமாக, சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் கோடு விழும் அளவு மென்மையாக இருந்தால் ஈயம் கலந்தது. மரப்பெட்டி, குறிப்பாக ஓக் மரம், அழுத்திய மரத்தூள் பலகை, சில பசைகள் எல்லாம் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். ஈயம் அதற்கு உடனே இரையாகி வெள்ளைக் கார்பனேட்டாக உதிரும். அந்தத் தூள் நஞ்சு. ஊதாதீர்கள், பெருக்காதீர்கள். கையுறையோடு, ஈரத் துணியால் மேசையைத் துடைத்து, துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பதக்கத்தை மரத்திலிருந்து நிரந்தரமாகப் பிரியுங்கள்.

வெள்ளீயப் பதக்கத்தில் சாம்பல் புள்ளி கண்டதும் பலர் ‘வெள்ளீயப் பிளேக்’ என்று அஞ்சுவார்கள். வெள்ளீயம் 13.2 டிகிரிக்குக் கீழே சாம்பல் வடிவத்துக்கு மாறக்கூடியது என்பது உண்மை. ஆனால் ஆன்டிமனி போன்றவை கொஞ்சம் கலந்தாலே அந்த மாற்றம் அடங்கிவிடும். நாம் காண்பது பெரும்பாலும் சாதாரண அரிப்புதான்.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் ஊசிக்குழியும் வருவது குளோரைடால். இங்கே ஒரு பழைய உதாரணம் நினைவுக்கு வருகிறது. சிகாகோவில் 1893இல் நடந்த கொலம்பிய உலகக் கண்காட்சியின் விருதுப் பதக்கம். முன்பக்கம் அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடென்ஸ் செய்தது. அவர் பின்பக்கத்துக்குச் செய்த ஆடையற்ற இளைஞன் உருவம் எதிர்ப்பைக் கிளப்பியதால் அமெரிக்க நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் செய்த பின்பக்கத்தைச் சேர்த்தார்கள். 76 மில்லிமீட்டர் வெண்கலம். அதற்குத் தந்த பெட்டி அலுமினியத்தால் ஆனது. மின்னாற்றலால் அலுமினியம் பிரிக்கும் வழி 1886இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் அது புதுமை உலோகம், பெட்டியே ஒரு பெருமை. அதில் வெள்ளைக் குழி விழுந்திருந்தால் உலர்ந்த தூரிகையால் பொடியை நீக்கி விட்டுவிடுங்கள். மெருகேற்றினால் மூடியில் உள்ள எழுத்து மழுங்கும்.

பேட்ஜின் செல்லுலாய்டு மஞ்சளாகி வெடிக்கிறது, ஊசி துருப்பிடிக்கிறது

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மாநாட்டுப் பேராளர்களுக்கு ரிப்பனும் தொங்கு பதக்கமும் செல்லுலாய்டு பொத்தானும் சேர்ந்த பேட்ஜ்கள் தந்தார்கள். அமெரிக்காவில் நியூவார்க்கின் ஒயிட்ஹெட் அண்டு ஹோக் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. பொத்தானின் பின்புறக் குழிக்குள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட காகிதம் இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்காதீர்கள்.

செல்லுலாய்டு என்பது செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பழைய பிளாஸ்டிக். சிதையும்போது நைட்ரிக் அமிலமாகும் ஆவியை விடுகிறது. அந்த ஆவியால் ஊசி துருப்பிடிக்கும், ரிப்பன் நைந்துபோகும், பக்கத்தில் உள்ள வெண்கலம் பச்சையாகும். காற்றுப் புகாத உறையில் பூட்டி வைத்தால் ஆவி உள்ளேயே சுழன்று சிதைவு வேகமாகும். காற்றோட்டமான, குளிர்ந்த, இருண்ட இடம் வேண்டும். மற்றப் பதக்கங்களிலிருந்து தனியாக இருக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீர் படவே கூடாது. பின்புறம் வழியாக உள்ளே போய் அச்சைக் கறையாக்கும்.

இன்னொரு பிளாஸ்டிக், செல்லுலோஸ் அசிடேட், கெடும்போது புளித்த காடி நெடி வரும். தனியே பிரிப்பதுதான் அதற்கும் வழி.

பெட்டியின் கோளாறுகள்

கீல் துணி கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி ஊறி, துணியையும் அச்சையும் கறையாக்கும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பின்னாளில் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். துண்டுச்சீட்டில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதன் கால்களைப் பின்புறத்திலிருந்து நிமிர்த்தி, மெல்ல எடுங்கள். துருக்கறை இருந்தால் இருக்கட்டும். மூடியின் மேல் ஒட்டிய பழைய விலைச்சீட்டை உரித்தால் பெட்டியின் மேல்தாளும் கூடவே வரும். அது அந்தப் பெட்டி கடந்துவந்த பாதையின் தடம் என்று விட்டுவிடுவது என் வழக்கம்.

பூஞ்சை பிடித்த பெட்டியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தி, வெளியிடத்தில் மென்தூரிகையால் நீக்குங்கள். முகக்கவசம் கட்டாயம்.

பதக்கம் பெட்டியோடு பொருந்தவில்லை

குழிக்குள் ஆடுகிறதா, அல்லது அழுத்தினால்தான் போகிறதா? இரண்டுமே யாரோ மாற்றி வைத்ததன் அறிகுறி. குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து பதக்கத்தோடு ஒப்பிடுங்கள். அசலில் நெருக்கமாகப் பொருந்தும், ஆனால் இடிக்காது. வெல்வெட்டில் பதிந்த வட்டத் தடம் பதக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் அங்கே முன்பு இருந்தது வேறொரு பதக்கம்.

விளிம்பைப் பாருங்கள். பாரிஸ் நாணயச்சாலையின் பதக்கங்களில் விளிம்பில் உலோகத்தின் பெயரும் ஒரு சின்னமும் இருக்கும். 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, 1860 முதல் 1880 வரை தேனீ, 1880க்குப் பின் வளமைக் கொம்பு (பழமும் பூவும் நிரம்பிய கொம்பு). முகத்தில் 1867 என்று இருந்து விளிம்பில் கொம்பு இருந்தால் அந்தப் பதக்கம் பிற்காலத்தில் பழைய அச்சிலிருந்து மறுபடி அடித்தது. போலி அல்ல, ஆனால் அன்றைய நிகழ்வில் யார் கையிலும் இருந்ததல்ல. பெட்டி மட்டும் பழையதாக இருந்தால் இரண்டையும் யாரோ இடையில் சேர்த்திருக்கிறார்கள்.

வெள்ளி என்று எழுதிய சீட்டோடு வந்தது வெள்ளிதானா என்ற ஐயத்துக்குத் தராசு விடை தரும். பதக்கத்தை முதலில் காற்றில் நிறுங்கள். பின்பு தராசின் மேல் நீருள்ள கிண்ணத்தை வைத்து அளவைப் பூச்சியமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதும் நீருக்குள் தொங்க விடுங்கள். காற்றில் வந்த எடையைத் தராசு இப்போது காட்டும் எடையால் வகுத்தால் அடர்த்தி. தூய வெள்ளி 10.49, தூய செம்பு 8.96, வெண்கலம் 8.8 அளவில். வெள்ளிமுலாம் பூசிய வெண்கலம் இங்கே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். எனாமல், ரிப்பன், அரக்கு உள்ளவற்றில் இதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு எப்படி வைப்பது

உலோகம் 40 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரப்பதத்தை விரும்பும். காகித அட்டை, தோல், மரம் 45 முதல் 55 வரை இருந்தால்தான் சுருங்காமல், வெடிக்காமல் இருக்கும். ஒரே காற்றில் இரண்டையும் மகிழ்ச்சியாக வைக்க முடியாது. நான் பிரித்து வைக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பதக்கத்துக்குப் பாலிஸ்டைரீன் அல்லது அக்ரிலிக் வட்டப் பேழை, அல்லது பாலியெஸ்டர் உறை. அவற்றை மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும், ஈரப்பதமானி ஒன்றோடும் வையுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு; ஆரஞ்சு நிற வகை நல்லது. பெட்டி, உறை, துண்டுச்சீட்டு எல்லாம் அமிலமற்ற தாளில் சுற்றி வேறு அலமாரியில்.

இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள், பென்சிலால். காலியான பெட்டிக் குழி நாளடைவில் தொய்ந்து வடிவம் இழக்கும். அமிலமற்ற அட்டையைப் பதக்கத்தின் விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, அதே கனம் வரும்வரை அடுக்கி அந்தக் குழியில் வையுங்கள். மேல் வட்டத்தில் அந்த எண்ணையும், பதக்கம் எந்தப் பேழையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அந்த வட்டத்தைப் படித்துப் பதக்கத்தைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.